வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பிறந்தவர்

உறையின் மேல் விபூதி இருந்தது.

அஞ்சலை அத்தை அதைக் கடை மேசைமேல் வைத்தபோது பார்த்தேன். மூலைகள் எண்ணெய் பட்டுப் பழுப்பேறியிருந்தன. தபால் முத்திரையின் மேல் ஒரு குங்குமப் பொட்டு. மூன்று வாரமாக அந்த உறை அவர் அறையில், அடுப்புக்கு மேலே இருக்கும் பலகையில், முருகன் படத்துக்கு அடியில் இருந்திருக்கிறது. ஒட்டிய வாய் ஒட்டியபடியே.

"பிரிக்கவே இல்லியா அத்தை?"

"நல்ல நாளாப் பாத்துப் பிரிக்கணும்னு வெச்சிருந்தேன். இன்னிக்கி சஷ்டி. நீ பிரி குமரு. படிச்சவன் கையால பிரி."

மணி ஒன்பது நாற்பது. பதினொன்றேகாலுக்கு நீதிமன்றத்தில் அவருக்கு ரந்தேவு, நேரம் குறித்த சந்திப்பு. அந்த ரந்தேவு கிடைக்க எட்டு மாதம் காத்திருந்தோம்.

கடை என்றால் ஈசன் அண்ணையின் கடை. பாரிஸில், லா ஷப்பேலில், பிள்ளையார் தேர் போகும் தெருவில், பூக்கடைக்கும் நகைக்கடைக்கும் நடுவே நெருக்கிக்கொண்டு நிற்கும். போட்டோகாப்பி, சிம் கார்டு, படிவம் நிரப்புதல், லேமினேஷன். யாழ்ப்பாணத்துக்காரர். நான் பல்கலைக்கழகம் போகாத நாட்களில் அங்கே உட்கார்ந்து, வருகிறவர்களுக்குக் கடிதம் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். ஊரிலும் இதே வேலைதான். தாள் மட்டும்தான் வேறு.

"கிழிக்கேக்கை கவனம் தம்பி" என்றார் ஈசன் அண்ணை. "உள்ளுக்கை இருக்கிறதையும் சேர்த்துக் கிழிச்சுப் போடாதை."

நான் அடிக்கோலை நுழைத்து, மெதுவாக உறையைத் திறந்தேன்.

ஐந்தாம் மாடியில் தாய்வீடு

அஞ்சலாட்சி என்பது முழுப்பெயர். இந்தத் தெருவில் ஓர் உணவகத்தின் சமையற்கட்டில் ஒன்பது வருடமாக மாவு கரைக்கிறார். அவர் ஊர் எங்கள் ஊருக்குப் பக்கம். புதுச்சேரியிலிருந்து பஸ்ஸில் போனால் அவர் ஊர் முதலில் வரும், பிறகு ஓர் ஏரி, பிறகு எங்கள் ஊர். அந்த உரிமையில் நான் அத்தை என்பேன். அவர் என்னை ‘டா’ போட்டுக் கூப்பிடுவார்.

கணவர் இருந்தவரை அவருடைய வதிவிடக் கார்டை வைத்துத்தான் இவருடைய கார்டும் ஓடியது. அவர் போய்ச் சேர்ந்த பிறகு புதுப்பிக்க மாட்டோம் என்று, கார்டு கொடுக்கும் அரசு அலுவலகமான ப்ரெஃபெக்சரிலிருந்து கடிதம் வந்தது. கையிலிருந்த தற்காலிகச் சீட்டும் அந்த வாரம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அதற்கு மேல் இருந்தால் ஊருக்குப் போகச் சொல்லும் உத்தரவு வரும்.

அவர் மகள் கலாவுக்கு அப்போது எட்டாம் மாதம். கலாவின் வீடு பாரிஸுக்கு வெளியே, பொண்டி என்ற புறநகரில். லிஃப்ட் உண்டு, பால்கனி உண்டு. இருந்தும் வளைகாப்பு முடிந்த கையோடு அத்தை மகளை லா ஷப்பேலுக்கு அழைத்து வந்துவிட்டார். ஐந்தாம் மாடி. லிஃப்ட் கிடையாது. ஒரே அறை. படுக்கையில் உட்கார்ந்தபடியே குழாயைத் திறக்கலாம்.

"பெத்துக்கப் போறது ஆஸ்பத்திரியிலதானே, இங்க எதுக்கு?" என்று மாப்பிள்ளை கேட்டாராம்.

"ஆஸ்பத்திரி எதுவா வேணா இருக்கட்டும். தலைப்பிரசவத்துக்கு ஆத்தா வூட்டு வாசப்படியிலேர்ந்துதான் கெளம்பணும்."

அந்த வாசற்படியில் அத்தை இருப்பாரா என்பதுதான் கேள்வி. ப்ரெஃபெக்சரில் ஓர் அதிகாரி வாய்வார்த்தையாக ஒன்று சொல்லியிருந்தார். உங்கள் தகப்பனார் வழியில் உங்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இருக்கிறது என்கிறீர்கள். நீதிமன்றம் அந்தக் கோப்பை வாங்கிக்கொண்டதற்கு ரசீது கொண்டுவாருங்கள், மூன்று மாதம் நீட்டித்துப் பார்க்கிறேன். அவ்வளவுதான். எங்களுக்கு அன்று தேவைப்பட்டது ஒரே ஒரு ரசீது.

லேமினேட் செய்த தகப்பனார்

அத்தையின் தகப்பனார் தங்கவேலு, பிரெஞ்சுக்காரர் காலத்து மனிதர். அவர் பிறப்புக்கு ஒரு சுருக்கச் சான்று வீட்டில் இருந்தது. உள்ளங்கை அகலம். பெயர், தேதி, ‘கீழப்பட்டு’ என்று ஊர், ஒரு முத்திரை. அவர் உயிரோடு இருந்தவரை அது டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தது. அவர் போனதும் அத்தையின் அண்ணன் அதை எடுத்து, பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் லேமினேட் செய்துவிட்டார். நம் ஆட்களின் பக்தி அது. முக்கியமான தாள் என்றால் பிளாஸ்டிக்குக்குள் போட்டு மூச்சை நிறுத்திவிட வேண்டும்.

முதல் தடவை கோப்பு கொடுத்தபோது நீதிமன்றம் அதைத் திருப்பி அனுப்பியது. லேமினேட் செய்த ஆவணத்தை ஏற்க மாட்டார்களாம். பழைய காலனிகளின் பிறப்பு ஏடுகள் இருக்கும் காப்பகத்துக்கு எழுதி, பதிவின் முழுப் பிரதியை வாங்கச் சொன்னார்கள். எழுதினோம். அந்த முழுப் பிரதிதான் முருகனுக்கு அடியில் மூன்று வாரம் தவம் இருந்துவிட்டு இப்போது என் கைக்கு வந்திருக்கிறது.

அத்தையின் நம்பிக்கை எளிமையானது. அப்பா பிறந்தது பிரெஞ்சு மண்ணில். ஆகவே அப்பா பிரெஞ்சு. ஆகவே மகளும் பிரெஞ்சு. இந்தத் தெருவில் புதுச்சேரிக்காரர் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

தாளை விரித்தேன். சாய்ந்த கையெழுத்து, ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே மூச்சுவிட இடமில்லை. நான் எழுதிக்கொண்டிருந்த ஆய்வு அந்தக் காலத்துக் குடியேற்றங்கள் பற்றியதுதான். ஆகவே அந்தக் கையெழுத்து எனக்குப் பழக்கம். விரலை வைத்து வரிவரியாகப் போனேன்.

நான்காவது வரியில் விரல் நின்றுவிட்டது.

"என்னடா?"

"அத்தை, உங்க அப்பா எங்க பொறந்தாரு?"

"கீழப்பட்டு. எத்தினி வாட்டி சொல்றது?"

"இதுல அப்படி இல்ல."

நான் தமிழில் படித்தேன். ‘நேற்று விடியற்காலை நான்கு மணிக்கு, ஆங்கிலேயப் பிரதேசத்தைச் சேர்ந்த மேலப்பட்டு கிராமத்தில், தாயின் பெற்றோர் வீட்டில் ஓர் ஆண் குழந்தை பிறந்ததாக, கீழப்பட்டுவில் வசிக்கும் தகப்பன் நம்முன் வந்து அறிவித்தார். எழுத்தறியாதவர் என்பதால் அவர் கையெழுத்திடவில்லை.’

போட்டோகாப்பி இயந்திரம் கடைசித் தாளைத் துப்பிவிட்டு நின்றது.

துண்டு துண்டான ராஜ்ஜியம்

எங்கள் புதுச்சேரிப் பக்கத்து வரைபடத்தை முதல் தடவை பார்க்கிறவர்கள் அச்சுப்பிழை என்று நினைப்பார்கள். கடலோரம் ஒரு துண்டு. மேற்கே இடைவெளி விட்டு இன்னொரு துண்டு. தெற்கே தனியாக வேறொன்று. நடுவில் எல்லாம் தமிழ்நாடு. நானே பத்தாவது படிக்கும்போது, யாரோ தேசப்படத்தின் மேல் மை உதறிவிட்டார்கள் என்று ஆசிரியரிடம் சொல்லித் திட்டு வாங்கியிருக்கிறேன்.

பிறகு படித்தேன். துணி வாங்க வந்த பிரெஞ்சுக் கம்பெனிக்குக் கடலோரம் ஒரு சின்ன இடம் கிடைத்தது. கிடங்கு கட்டினார்கள். கிடங்குக்குக் காவல், காவலுக்குக் கோட்டை, கோட்டைக்குச் சோறு போட வயல். டச்சுக்காரர் பிடித்தார்கள், திருப்பிக் கொடுத்தார்கள். இங்கிலீஷ்காரர் பிடித்தார்கள், ஊரை இடித்தார்கள், திருப்பிக் கொடுத்தார்கள், மறுபடி பிடித்தார்கள். நவாபுகளின் வாரிசுச் சண்டையில் ஒரு பக்கம் நின்றதற்கு இங்கே சில கிராமம், அங்கே சில கிராமம். எல்லாச் சண்டையும் ஓய்ந்தபோது மிச்சம் இருந்ததுதான் அந்த மைத்துளிகள்.

கீழப்பட்டுவுக்கும் மேலப்பட்டுவுக்கும் நடுவே ஒரு பாசன வாய்க்கால். கோடையில் செருப்பு நனையாமல் தாண்டலாம். இந்தக் கரை பாரிஸ் குடியரசு, அந்தக் கரை லண்டன் ராஜா. வரப்பில் நின்று அடித்துக்கொள்ளும் பங்காளிகளில் ஒருவன் பிரெஞ்சுப் பிரஜை, மற்றவன் ஆங்கிலேயப் பிரஜை. ஆனால் பெண் கொடுத்து வாங்கும்போது எங்கள் ஆட்கள் எல்லைக் கல்லைப் பார்த்ததில்லை. ஜாதகம் பார்த்தார்கள், மாட்டைப் பார்த்தார்கள்.

அப்படி மேலப்பட்டுவிலிருந்து வந்த பெண், வழக்கப்படி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனாள். பிள்ளை அங்கே பிறந்தது. மறுநாள் தகப்பன் வாய்க்காலைத் தாண்டி வந்து, தன் பெயர் இருக்கும் ஏட்டிலேயே மகன் பெயரும் இருக்கட்டும் என்று கீழப்பட்டுவில் சொல்லி எழுதிவிட்டார். பின்னால் சுருக்கச் சான்று எடுத்தபோது, பதிவான ஊரையே பிறந்த ஊர் என்று போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அந்த முழு வரியை அப்புறம் வீட்டில் யாரும் படிக்கவில்லை. படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை.

"உதைக் காட்டாதை"

"இங்கிலீஷ்காரன் பக்கமா?" அத்தை நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "போச்சு. எல்லாம் போச்சு. முருகா, இதுக்கா உன் காலடியில வெச்சேன்?"

ஈசன் அண்ணை எழுந்து வந்து தாளைப் பார்த்தார். அவருக்குப் பிரெஞ்சு பேசவும் அச்சில் இருந்தால் படிக்கவும் தெரியும். கையெழுத்து ஓடாது. இருந்தாலும் வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, உதைக் காட்டாதை." யாழ்ப்பாணத்தில் ‘உது’ என்றால் ‘இது’.

"அண்ணை..."

"சொல்லுறதைக் கேள். இது தபாலிலை வரேல்லை எண்டு சொல்லு. பழைய சின்னத் துண்டின்ரை கலர் கொப்பி என்னட்டை இருக்கு. அதைக் குடுத்து, மற்றது வந்தோண்ணை தாறம் எண்டு சொல்லுங்கோ. பாவம் மனிசி. பிள்ளைப்பெறுவுக்கு மேள் வந்து நிக்கிறாள்."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"பொய்யே? தபால் பிந்திறது புதினமே இஞ்சை?"

அந்த நிமிடத்தில், என் ஆய்வுக்காக எப்போதோ படித்த இந்திய-பிரெஞ்சு ஒப்பந்தத்தின் ஒரு பகுதி தலைக்குள் வந்து நின்றது. இவர்கள் இருவரும் பயப்படுவதற்கு நேர் எதிரானது அது.

"அண்ணை, இந்த வரிதான் காப்பாத்தப் போகுதுன்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறியோ, தெரியுமோ?"

தெரியும் என்று உடனே சொல்லத் துணியவில்லை. அதற்குக் காரணம் உண்டு. கல்லூரி முதல் வருடம் படிக்கும்போது அப்பாவுக்குத் தாலுகா அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்தது. நான்தான் படித்தேன். வெறும் தகவல் கடிதம், போக வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டேன். அது விசாரணைக்கு அழைப்பு. அப்பா போகாததால் மாட்டுக்கொட்டகை இருந்த இடம் கைவிட்டுப் போனது. அப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "தாள்ல எழுதினவன் சரியா எழுதல" என்றார். இன்றுவரை அந்த வாக்கியம் எனக்குள் கிடந்து அறுக்கிறது.

"தெரியும்" என்றேன் ஈசன் அண்ணையிடம்.

அவர் கலர் நகலையும் எடுத்து, ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, என் பையில் செருகினார். "இருக்கட்டும். அங்கை போய் நீயே யோசி."

ஆறு மாத அவகாசம்

லா ஷப்பேலில் மெத்ரோ பாலத்தின் மேல் போகும். அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் கைபேசியில் ஒப்பந்தத்தைத் தேடிப் பிடித்துப் படித்துக்கொண்டே வந்தேன். பார்பெஸ் தாண்டி வண்டி சுரங்கத்துக்குள் இறங்கியது. சிக்னல் போய்விட்டது. நல்லவேளை, அந்தப் பக்கம் ஏற்கெனவே திறந்திருந்தது.

"சொல்லுடா. எனக்குப் புரியறாப்பல சொல்லு."

சொன்னேன். இங்கிலீஷ்காரன் போனதும் மேலப்பட்டு சுதந்திரம் ஆகிவிட்டது. கீழப்பட்டு இன்னும் ஏழு வருடம் காத்திருந்தது. அதற்குப் பிறகும் காகிதத்தில் கைமாற மேலும் எட்டு வருடம். கைமாறும்போது இரண்டு அரசுகளும் ஓர் ஏற்பாடு செய்தன. பிரெஞ்சுப் பிரதேசத்தில் பிறந்து அங்கேயே வசித்தவர்கள் தாமாகவே இந்தியர் ஆவார்கள். பிரெஞ்சுக்காரராகவே இருக்க விரும்பினால் ஆறு மாதத்துக்குள் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

"எங்கப்பாரு போடல" என்றார் அத்தை உடனே.

"தெரியும். அதனால அவர் கீழப்பட்டுல பொறந்தார்னு வெச்சா இந்தியர் ஆயிடறாரு. நம்ம கோப்பு கவுன்ட்டர்லயே திரும்பிடும். இத்தனை நாளா நாம கொடுக்க இருந்த தாளு அதுதான் அத்தை."

அத்தை என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"ஆனா பிரதேசத்துக்கு வெளியில பொறந்த பிரெஞ்சுப் பிரஜையைப் பத்தி ஒப்பந்தம் ஒண்ணுமே சொல்லல. சொல்லாததால, அவங்க எப்படி இருந்தாங்களோ அப்படியே இருந்துட்டாங்க. உங்க அப்பாவோட அப்பா பிரெஞ்சுப் பிரஜை. உங்க அப்பா பொறந்தது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்."

"அப்ப?"

"அப்ப அவரு கையெழுத்தே போட வேணாம். அவரு சாகற வரைக்கும் பிரெஞ்சுக்காரர்தான்."

மகிழ்வார் என்று நினைத்தேன். நான் என்ன சொல்லிவிட்டேன் என்று அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

"டேய். எங்கப்பாரு யாருன்னு தெரிஞ்சுதான் பேசறியா?"

எனக்குத் தெரியாது. அந்த மெத்ரோவில், பிளாஸ் த க்ளிஷி வருவதற்குள் சொன்னார். தங்கவேலு மில்லில் வேலை பார்த்தவர். இந்தியாவோடு இணைப்புக் கேட்டு ஊர் கிளம்பியபோது, கீழப்பட்டு ‘மேரி’யின், அதாவது நகராட்சிக் கட்டிடத்தின், கூரையில் ஏறி மூவர்ணக் கொடியை, அவர்களுடைய மூவர்ணத்தை, இறக்கியவர். கீழே இறங்கியதும் சிப்பாய்கள் துப்பாக்கிக் கட்டையால் முட்டியில் அடித்தார்கள். அதற்குப் பிறகு வலது கால் மடங்கவே இல்லை. சாப்பிடும்போதும் அந்தக் காலை நீட்டித்தான் உட்காருவார். பட்டாளத்திலிருந்து வந்த பக்கத்துவீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போடப் போனபோது இவரையும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"முட்டிய ஒடச்சவன் குடுக்கற தாளு எனக்கெதுக்குன்னுட்டாரு. மேரி வாசல்ல அவனுங்க முத்திர மாட்டியிருக்கும், பொம்பள உருவம் போட்டு. அத்தப் பாத்தாலே துப்புவாரு. அந்த மனுசன போயி, சாவற வரைக்கும் பிரெஞ்சுக்காரன்னு நான் சொல்லணுமா?"

"நீங்க சொல்ல வேணாம் அத்தை. தாளு சொல்லுது."

"தாளு சொன்னா? கேக்கறப்ப வாயத் தொறந்து ஆமான்னு சொல்லப்போறது நான்தானே?"

பிளாஸ் த க்ளிஷியில் இறங்கி வண்டி மாறினோம். நெரிசல். இருவரும் நின்றுகொண்டே போனோம். அத்தை கம்பியைப் பிடித்திருந்த கையில் மாவு வாசனை இருந்தது.

"அவருக்கு அன்னிக்கே தெரிஞ்சிருந்தா இன்னா பண்ணியிருப்பாரு?" என்றார் திடீரென்று. பிறகு தானே சொன்னார்: "அடிச்சவனும் பிரெஞ்சு, அடி வாங்கினவனும் பிரெஞ்சு. நல்லா இருக்குதுடா உங்க சட்டம்."



எட்டாம் கவுன்ட்டர்

உள்ளே போகும்போது பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். கலர் நகல் மேலேயே தெரிந்தது. காத்திருக்கும் கூடத்தில் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு பக்கம் தப்பான தாள். அதை வைத்தால் இன்றைக்கு ஒன்றும் ஆகாமல் தப்பிக்கலாம் என்று அண்ணை நினைக்கிறார். மறுபக்கம் சரியான தாள். நான் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் எல்லாம் முடிந்தது. மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் இப்போது வேறு யாரோ வீடு கட்டிவிட்டார்கள். அந்தச் சுவரின் நீல வண்ணம் கண்ணுக்குள் வந்து நின்றது.

"கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க அத்தை. அதிகமா ஒண்ணும் வேணாம்."

"ம்."

எங்கள் எண் வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண்மணி. மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். நான் மொழிபெயர்ப்பதற்கு அனுமதி கேட்டேன். சொன்னதைச் சொன்னபடி சொல்ல வேண்டும், கூட்டவும் கூடாது குறைக்கவும் கூடாது என்றார். சரி என்றேன்.

முழுப் பிரதியைக் கொடுத்தேன். கலர் நகல் பைக்குள் இருந்தது.

அவர் கண்ணாடியை மாட்டிப் படித்தார். அவர் விரலும் அதே நான்காவது வரியில் நின்றது. இன்னொரு தடவை படித்தார். பிறகு தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சுவர்க் கடிகாரத்தில் பதினோரு நிமிடம் போனது. நான் எண்ணிக்கொண்டே இருந்ததால் தெரியும். அத்தை சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். பக்கத்துக் கவுன்ட்டரில் ஒருவரின் கோப்பு அப்படியே முழுசாகத் திரும்பி வந்தது. அவர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார்.

அந்தப் பெண்மணி திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"உங்கள் தந்தை பிறந்தது பிரதேசத்துக்கு வெளியே. அப்படித்தானே?"

மொழிபெயர்த்தேன். அத்தை கண்ணாடியைப் பார்த்தபடி, "ஆமா. ஆத்தா வூட்ல. எங்க வழக்கம் அது" என்றார்.

"எந்தக் காலத்திலாவது அவர் இந்தியக் குடியுரிமை வேண்டும் என்று அறிவிப்புச் செய்தாரா?"

மொழிபெயர்த்தேன். ‘இல்லை’ என்ற ஒரு சொல் போதும். அத்தையைக் கெஞ்சும் கண்ணோடு பார்த்தேன்.

அத்தை நிமிர்ந்தார்.

"செஞ்சாரு."

நான் அவர் முழங்கையைத் தொட்டேன்.

"மேரி கூரை மேல ஏறி உங்க கொடிய எறக்கினாரு. ஊரே பாத்துச்சு. முட்டிய ஒடச்சீங்க. சாவற வரைக்கும் அந்தக் காலு மடங்கல. இத்த வுட இன்னா அறிவிப்பு வேணும்?" என்னிடம் திரும்பினார். "சொல்லு குமரு. அப்பிடியே சொல்லு. ஒரு வார்த்த வுடாத."

கண்ணாடிக்குப் பின்னால் பேனா காத்துக்கொண்டிருந்தது. நான் ‘இல்லை என்கிறார்’ என்று சொல்லியிருந்தால் அத்தைக்குத் தெரிய வாய்ப்பில்லை. அந்தம்மாவுக்கும் தெரியாது. இதை எழுதும்போது நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன்: அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஐந்து மாடி ஏறி, மேல்மூச்சு வாங்க நிற்கும் கலா கண்முன் வந்தாள்.

ஆனால் அதைச் சொல்லியிருந்தால், தங்கவேலு ஏறிய கூரையிலிருந்து அவரை இரண்டாம் தடவை கீழே இறக்கியவன் நான் ஆகியிருப்பேன். அதுவும் அவர் மகள் பக்கத்தில் நிற்கும்போதே.

அப்படியே சொன்னேன். கூரை, கொடி, கட்டை, முட்டி, மடங்காத கால். என் பிரெஞ்சு தடுக்கியது. ‘முட்டியை உடைத்தீர்கள்’ என்பதை ‘உடைத்தார்கள்’ என்று மாற்றாமல், ‘உடைத்தீர்கள்’ என்றே சொன்னேன்.

அந்தப் பெண்மணி முதல் தடவையாக அத்தையின் முகத்தைப் பார்த்தார்.

"எழுத்தில் ஏதாவது உண்டா? கையொப்பமிட்ட ஏதாவது?"

"எங்கப்பாருக்குக் கையெழுத்துத் தெரியாது. கைநாட்டுதான். எதுலயும் நாட்டு வெக்கல."

அவர் படிவத்தில் ஒரு சொல் எழுதினார். தலைகீழாகவே படித்துவிட்டேன்: ‘இல்லை.’

"அம்மா, அது சட்டப்படி அறிவிப்பு ஆகாது" என்றார்.

"இன்னா சொல்றா?"

"அது அறிவிப்பு ஆகாதாம் அத்தை."

"அப்ப முட்டி ஒடஞ்சது கணக்குல இல்லியா?"

"இல்ல."

முத்திரை விழும் சத்தம் கேட்டது. கண்ணாடித் துளை வழியாக, பெண் உருவம் போட்ட முத்திரையோடு ஒரு தாள் வந்தது. ரசீது. அத்தை அதை எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன்.

கவிழ்த்து வைத்த தாள்

"என்ன, காயோ பழமோ?" என்று ஈசன் அண்ணை கடை வாசலுக்கே வந்துவிட்டார். ரசீதைக் காட்டினேன். பைக்குள் இருந்த கலர் நகலையும் திருப்பிக் கொடுத்தேன். அவர் இரண்டையும் பார்த்தார். நகலைக் கிழித்துக் கூடையில் போட்டார். "நீ கெட்டிக்காரன்தான். எண்டாலும் இண்டைக்கு என்ரை பிரஷரை ஏத்திப் போட்டாய்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர் வாங்கப் போனார்.

வெள்ளிக்கிழமை நீட்டிப்புக் கிடைத்தது. அதற்குப் பிறகும் இரண்டு முறை. முடிவு இன்னும் வரவில்லை. வழியில் வேறு சுவர்களும் உண்டு என்கிறார் வக்கீல். ஒரு குடும்பம் தலைமுறைக்கணக்கில் பிரான்சுக்கு வெளியிலேயே இருந்துவிட்டால் அது வேறு சிக்கலாம். அதை அவர் பார்த்துக்கொள்கிறார்.

கலாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வலி எடுத்த காலையில் ஐந்து மாடியும் அத்தை தோளைப் பிடித்தபடி இறங்கி, ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனாளாம். மாப்பிள்ளை மேரியில் பதிந்து, பிறப்புச் சான்றை நேராகக் கடைக்குக் கொண்டுவந்தார். ஈசன் அண்ணை பழக்கதோஷத்தில் லேமினேஷன் மெஷினைப் போட்டுவிட்டார்.

"சூடேறிட்டுது. தாங்கோ."

அத்தை பாய்ந்து பிடுங்கினார். "கைய எடுங்க! இத்த யாரும் தொடக் கூடாது. குமரு, முழுசாப் படி. எங்க பொறந்துதுன்னு போட்டிருக்கான்?"

"பாரிஸ், பத்தாவது வட்டாரம்."

"ஆத்தா வூடுன்னு இல்லியா?"

"ஆஸ்பத்திரி இருக்கிற இடத்தைத்தான் போடுவாங்க அத்தை."

"போவட்டும்" என்றார். "அந்தக் காலத்து கணக்கப்பிள்ள எவ்வளவோ மேல்."

குழந்தையைப் பார்க்க மாடி ஏறினேன். அடுப்புக்கு மேலே பலகையில் முருகன் இருந்தார். பக்கத்தில் தங்கவேலுவின் படம்; வலது காலை நீட்டி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். நீதிமன்ற ரசீது அவர் படத்துக்கு முன்னால் இருந்தது. எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்திருந்தார் அத்தை.

"ஏன் கவுத்து வெச்சிருக்கீங்க? அவருக்குத்தான் படிக்கத் தெரியாதே?"

அத்தை குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"படிக்கத் தெரியாது. முத்திர தெரியும்."